பிள்ளையார் போல்ட்டு

ராஜபாளையம்,
12.9.2024, வியாழன்.

புனேயில் சுகமாக இருக்கிற, இனியும் சுகமாகவே இருக்கவேண்டிய என் மகள் வெங்கடேஸ்வரிக்கு, அப்பா ஐயாதுரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் வழக்கமான சண்டையோடு சௌக்கியமாக இருக்கிறோம்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்று நினைப்பாய். நீ பேசுவது கம்பெனி கொடுத்த போன். விசாரணை முடிகிற வரைக்கும் குடோனில் ரேக் சரிந்த விஷயத்தைப் போனில் யாரிடமும் பேசக்கூடாது என்று உனக்கு உத்தரவு என்று அம்மாவிடம் சொன்னாயாம். அப்படியென்றால் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எனக்குச் சந்தேகம். அதனால்தான் கடிதம். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். என் கையெழுத்தே கோணல்தான் என்பது எழுதின பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு இதற்குமேல் பாதுகாப்பு ஏற்பாடு தெரியாது.

உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு மொட்டைக்கடுதாசி எழுதுதீக?" என்று கேட்டாள். மகளுக்கு என்றேன். "அவளுக்கா? அவ போன் எடுக்கலன்னா நீங்க என்ன வம்பு பண்ணுனீக?" என்றாள். முப்பது வருசமாக எல்லா வழக்கிலும் முதல் குற்றவாளி நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் சித்திரையில் உங்கள் கம்பெனியின் இரும்பு ரேக்கை மாட்டிக் கொடுத்த அந்த பேண்டேஜ் துணி குடோனில், போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வாசலை ஒட்டின முதல் வரிசை சரிந்துவிட்டது. அது உனக்கு உங்கள் ஆபீஸ் மூலமாகவே தெரிந்திருக்கும். உங்கள் ஆபீசுக்குத் தெரியாதது, கீழே அகப்பட்டது யார் என்பது. ஜெபின். குடோனில் பண்டல் ஏற்றி இறக்குகிறவன். நாற்பது வயசு, இரண்டும் பெண்பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். இடது கால் முறிந்து, தோள்பட்டை எலும்பும் விரிசல் விட்டிருக்கிறது. மேலே விழுந்தது முழுக்கத் துணிப் பண்டல் என்பதால் தலை தப்பியது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது பேண்டேஜ் மலைக்கு அடியிலிருந்து அவன் கை மட்டும் தெரிந்தது. கட்டுப்போடத் துணி தேடவேண்டிய அவசியமில்லாத ஒரே விபத்து இதுவாகத்தான் இருக்கும். இப்படிச் சிரிக்கிறேனே என்று நினைக்காதே. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் கவலை. இருபதாம் தேதி பெலிக்ஸ் என்று ஒரு என்ஜினீயர் உங்கள் கம்பெனியிலிருந்து வருகிறார், தட்டைத் தாங்குகிற கொக்கி விட்டுவிட்டது என்று அவர் எழுதிவிட்டால் அந்த ரேக்குக்கு நீ வரைந்த படத்தையே ரத்து செய்துவிடுவார்கள், படம் போட்ட உன் வேலையும் அதோடு போகும் என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாய். அம்மா அதை என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாயாம். சத்தியத்தைச் சாயங்காலம் வரைக்கும் காப்பாற்றினாள்.

நான் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த ரேக்கின்மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். முப்பத்தைந்து வருசமாக ஆங்கிள் ரேக் மாட்டுகிறவன் நான். ஒரு வரிசைக்கு இருநூறு போல்ட்டு, இருநூறு நட்டு. உங்கள் லாரி வந்து, நிற்கிற காலும் குறுக்கே போகிற பீமும் இறக்கினார்கள், போல்ட்டுப் பெட்டியைக் காணோம். லாரிக்குள் ஏறித் தேடினேன். டிரைவர் வழியில் எங்கேயோ விற்றுவிட்டான் என்றுகூட முடிவு கட்டி அவனை ஒரு பார்வை பார்த்தேன். பொறவு உனக்குப் போன் போட்டால் நீ சிரிக்கிறாய். "போல்ட்டே கிடையாதுப்பா. பீம் முனையில கொக்கி இருக்கும், கால்ல ஓட்டை இருக்கும். ஓட்டைக்குள்ள விட்டு ரப்பர் சுத்தியலால கீழ தட்டுங்க. பாரம் ஏற ஏற அதுவே இறுக்கிக்கிடும். வேற எதையும் சேர்க்காதீங்க" என்றாய். போல்ட்டு இல்லாமல் நிற்கிற இரும்பை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. ஆனாலும் ரேக்கோடு வந்த படக் காகிதத்தின் மூலையில் இங்கிலீசில் உன் பெயர் இருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரி என்று மாட்டினேன்.

அதனால் இது கொக்கியின் குற்றமாக இருக்காது. இருக்கக்கூடாது. வேறு யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை. முதல் சந்தேகம் குடோன் சூப்பர்வைசர் பரிபூரணத்தின்மேல். அளவுக்கு மேலே ஏற்றச் சொல்லியிருப்பார். இரண்டாவது, தள்ளுவண்டிக்காரர்கள். ரேக்கின் காலில் முட்டியிருப்பார்கள். மூன்றாவது, செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வந்து கூரையில் குதிக்கிற குரங்குகள். மூன்றாவதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குரங்கு வேலையென்றால் வீட்டுக்குள்ளேயே தேடலாம் என்கிறாள்.

டேப்பும் மூக்குக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு நாளைக்குக் கிளம்புகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது.

உன் நன்மையையே நினைத்திருக்கும் அப்பா,
ஐயாதுரை.


ராஜபாளையம்,
18.9.2024, புதன்.

அன்பு மகள் ஈஸ்வரிக்கு அப்பாவின் ஆசி.

உறை பிரிபடாமல் வந்தது என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதையும் கம்பெனி போனிலேயே அனுப்பியிருக்கிறாயே, உன்னை என்ன சொல்வது.

துப்பு வேலையில் நான் இவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே தெரியாது. குடோனுக்கு நாலு நாள் போனேன். போலீஸ்காரனுக்காவது லத்தி உண்டு. எனக்கு இருந்தது, மாட்டினவன் என்ற உரிமை ஒன்றுதான். முதலில் பண்டலை எண்ணினேன். ஒரு தட்டுக்கு நானூறு கிலோ என்று பீமில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, சரிந்த வரிசையில் எந்தத் தட்டும் முந்நூற்றைம்பதைத் தாண்டவில்லை. பரிபூரணம் பக்கத்தில் கை கட்டி நின்றுகொண்டு, "எண்ணி முடிச்சாச்சா அண்ணாச்சி, இல்ல எம்மேல சந்தேகம் இன்னும் பாக்கி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இருந்தது. அவர் அவ்வளவு நிதானமாகக் கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

தள்ளுவண்டி முட்டின தடம் காலில் எங்கேயும் இல்லை. குரங்கு, சாட்சி இல்லாததால் விடுதலை.

திங்கட்கிழமை ஜெபினைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். கால் முழுக்க மாவுக்கட்டு, படுத்தபடிதான். அவன் வீட்டுக்காரி ஜெயபாய் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் டிபன் பையத் தொங்கவிட அந்த ரேக் கால்ல நான் ஒரு ஓட்ட போட்டேன். இடுப்பு உயரத்துல, சின்ன ஸ்குரூ ஒண்ணு. அதனாலதான் விழுந்துச்சோ? கண்ண மூடுனா அந்த ஓட்டதான் தெரியுது. நான் இழுத்துவச்ச வினையோ அண்ணாச்சி?" என்று கேட்டுக் கண்ணீர் விட்டான்.

ஈஸ்வரி, மறைக்காமல் சொல்கிறேன். அவன் அழுகிறான், எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினமாதிரி இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன், என் பிள்ளை தப்பித்தது என்று. மேலே மட்டும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "விடுடா, தெரியாமப் பண்ணுனதுதானே" என்றேன். வருகிற வழியிலேயே குடோனுக்குள் நுழைந்து பரிபூரணத்திடம் சொல்லிவிட்டேன். ரேக் கால் என்பது மடித்த தகரம்தான், தகரத்தைப் பொறுத்தவரை ஒரு ஓட்டை போதும், அங்கேதான் கிழிய ஆரம்பிக்கும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஜெபினா?" என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கு இதை எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன். இடுப்பு உயரத்து ஸ்குரூ ஓட்டைக்கு மேலே இருக்கிற தட்டு ஏன் விழவேண்டும்? அதுவும் ஒருபக்கம் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பெலிக்ஸ் வந்தால் தெரிந்துவிடும். நீ இப்போதைக்குத் தைரியமாக இரு. உன் கொக்கியின்மேல் பழி வராது.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வலி குறைந்த நேரமெல்லாம் என்னை விரட்டுவதற்குப் பயன்படுகிறது.

அன்புள்ள அப்பா,
ஐயாதுரை.


ராஜபாளையம்,
23.9.2024, திங்கள்.

ஈஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

வெள்ளிக்கிழமை பெலிக்ஸ் வந்தார். ஒல்லியான ஆள், நாகர்கோவில் பக்கம், அதிகம் பேசமாட்டார். பேசாத ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். விழுந்து கிடந்த ஒவ்வொரு பீமையும் திருப்பிப் போட்டுப் படம் எடுத்தார். பொறவு ஒரு காலையும் ஒரு பீமையும் தனியே எடுத்து வெளிச்சத்தில் வைத்து, "இந்த ஓட்ட எங்க கம்பெனி போட்டது இல்லையே. இங்க வந்துதான் யாரோ போட்டிருக்காங்க. யாரு?" என்று கேட்டார். அவர் காட்டினது வட்ட ஓட்டையாக இல்லை. கீழ்ப்பக்கம் நீண்டு, கிழிந்து, ஓரம் நாக்குமாதிரி வெளியே வளைந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பரிபூரணம், "ஜெபின் ஓட்ட போட்டதா அண்ணாச்சிகிட்ட ஒத்துக்கிட்டான் சார்" என்றார். பெலிக்ஸ் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

தொழிலாளி தானே ரேக்கைச் சேதப்படுத்தினான் என்று ஆகிவிட்டால், கம்பெனிக்கும் பொறுப்பில்லை, குடோனுக்கும் பொறுப்பில்லை. கால் தேறி வந்தாலும் ஜெபினுக்கு அங்கே வேலை இல்லை. வைத்தியத்துக்கும் ஒருத்தரும் வரமாட்டார்கள். பரிபூரணம் இதைச் சாயங்காலமே அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் கிழிந்த ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்ததல்ல. மேலே, பீமும் காலும் சேருகிற இடத்தில் இருந்தது. ஸ்குரூ போகிற அளவும் இல்லை. விரல் கனம். அந்த அளவு எனக்கு நல்லாத் தெரியும்.

உன்னிடம் இதுவரைக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். எங்கள் ரேக் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. புது இடத்தில் வேலை தொடங்கும்போது, வாசலை ஒட்டின முதல் வரிசையில், முதல் போல்ட்டை எடுத்துச் சந்தனம் தொட்டு, சாமி பேரைச் சொல்லி முடுக்குவோம். அதற்குப் பிள்ளையார் போல்ட்டு என்று பேர். அதை முடுக்கின பிறகுதான் அடுத்த ஆள் ஸ்பானரைத் தொடவேண்டும். கோஷ்டியில் ஒருத்தர் அல்லேலூயா சொல்லி முடுக்குவார், ஆனால் பேர் பிள்ளையார் போல்ட்டுதான். முப்பத்தைந்து வருசத்தில் அதை முடுக்காமல் நான் ஒரு வேலையும் தொடங்கினதில்லை.

உன் ரேக்கில் போல்ட்டுப் போட இடமே இல்லை. சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் முழித்தேன். கடைசியில் என் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து, மேல் பீமின் கொக்கியைக் காலின் ஓட்டையில் சும்மா மாட்டி, சுத்தியலால் தட்டுவதற்கு முன்னாலேயே, கால், பீம் இரண்டுக்கும் சேர்த்து டிரில் போட்டு முடுக்கிவிட்டேன். முதல் போல்ட்டு முதலில்தானே? மற்ற கொக்கியெல்லாம் பொறவுதான் தட்டினேன். அந்தப் பீமை நான் தட்டியபோது அது இறங்கவில்லை. நல்லா இறுகிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். நீ எதையும் சேர்க்காதே என்று சொல்லியிருந்ததால் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு போல்ட்டு கூடுதலாகப் போட்டால் கேடு வரும் என்று என் ஆயுசில் நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் சாமி பேர் சொல்லிப் போட்டது.

வழக்கத்துக்காக மட்டும் போட்டேன் என்று சொன்னால் பாதிப் பொய். கொக்கியை நம்பவில்லை. நாளைக்கு இது விழுந்தால் உன் பேரைத்தானே சொல்வார்கள், இருக்கட்டும் ஒரு காவல் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கே ஒரு மருந்து மொத்தக்கடையில் மதுரை ஆட்கள் இதே ரேக்கை மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போல்ட்டு இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று பார்க்க. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பிரிஸ்கில்லா என்கிற பெண், நான் எதையோ திருட வந்தவன் என்று சந்தேகப்பட்டு, கூடவே ஒட்டிக்கொண்டு நின்றது. நியாயம்தான். நான் எல்லாக் கால்களையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். குளுக்கோஸ் பாட்டில் பெட்டி கூரை முட்ட ஏற்றியிருக்கிறார்கள். ஒரு அசைவு இல்லை. பீமுக்குச் சற்று மேலே, காலில், பெயிண்ட் உரசின கோடு ஒன்று நகக்கண் அளவுக்கு இருந்தது. எல்லாப் பீமுக்கும் அதே அளவு. இது என்னம்மா என்று கேட்டேன். அந்தப் பெண், "அது சாமான் ஏத்துனப்போ இறங்குனது சார். முதல் வாரம் பெட்டி வைக்க வைக்க டக்கு டக்குனு சத்தம் போடும். நான் பயந்து வெளிய ஓடிட்டேன். முழுக்க இறங்கி உக்காந்த பொறவு இன்னைக்கு வரைக்கும் மூச்சு விடல" என்றது.

நான் அந்தக் கோட்டையே மறுபடி மறுபடி விரலால் தடவிப் பார்த்தேன். பிரிஸ்கில்லா தண்ணீர் கொடுத்து, பிரஷர் பார்க்கவா என்று கேட்டது.

உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கொக்கி பாரத்தோடு கீழே இறங்கினால்தான் பிடிக்கும். நான் பாதி வழியில் ஓட்டை போட்டு, இறங்கவிடாமல் போல்ட்டால் பிடித்து நிறுத்திவிட்டேன். முந்நூற்றைம்பது கிலோவில் ஒரு பக்கத்துப் பாரம் முழுக்க, நாலு மாசமாக, என் ஒற்றைப் போல்ட்டில். போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தகரம் கிழிந்தது. கிழிந்து பீம் ஒரேயடியாக விழுந்த வேகத்தில் கொக்கி வெளியே தெறித்துவிட்டது. மற்ற பதினொரு வரிசையும் நான் எதையும் சேர்க்காத வரிசை. அதில் ஒன்றுகூட அசையவில்லை.

அந்தப் போல்ட்டு எங்கே என்று கேட்பாய். விழுந்த அன்றைக்குத் தரையில் கிடந்ததைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். கீழே கிடக்கிற போல்ட்டை எடுப்பது எனக்குக் கைப்பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. உன் அம்மா துணி துவைக்கும்போது கண்டெடுத்து, சந்தனம் ஒட்டியிருக்கிறதே, சாமி சமாச்சாரம் என்று சாமி படங்களுக்கு முன்னால் வைத்து, தினமும் குங்குமம் வைத்துவருகிறாள். இன்று காலையிலும் நான் அதைத்தான் கும்பிட்டேன்.

நாளைக்குப் பெலிக்ஸ் தங்கியிருக்கிற லாட்ஜுக்குப் போகிறேன். அதற்கு முன்னால் ஜெபின் வீட்டுக்குப் போகவேண்டும். பெலிக்சிடம் சொல்வதைவிட அதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது. இதை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

அப்பா.


ராஜபாளையம்,
28.9.2024, சனி.

என் மகள் வெங்கடேஸ்வரிக்கு, அப்பா ஐயாதுரையின் ஆசியும் அவசரமும்.

இது ஸ்பீடு போஸ்ட். தபாலாபீசில் அந்தப் பிள்ளை எடை போட்டு முத்திரை குத்துகிற வரைக்கும் கவுண்டரை விட்டு நகரக்கூடாது என்று முடிவோடு போகிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்தாகவேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெபினிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "அப்ப என் டிபன் பையில தப்பு இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டான். இல்லையப்பா என்றேன். "மூணு வாரமா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். திட்டியிருந்தால் எனக்கு நல்லா இருந்திருக்கும். அந்தக் குறையை ஜெயபாய் தீர்த்துவைத்தாள். "அவிய இந்தக் கட்டில்ல கெடந்து அழுதப்ப நீங்க காப்பியக் குடிச்சிட்டு நேரா குடோன்ல போயிச் சொன்னீகளே, அதத்தான் என்னால தாங்க முடியல. போல்ட்டு தெரியாமப் போட்டது. அது தெரிஞ்சுதானே செஞ்சீக?" என்று கேட்டாள்.  வாசலில் கிடந்த என் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். இனி அந்த வீட்டில் எனக்குக் காப்பி கிடையாது. இருந்தாலும் அந்த இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு என் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். ஜெயபாய் என்னைப் பார்க்காமல் பிள்ளைகளை மட்டும் தெருமுனைக்கு அனுப்புகிறாள்.

பெலிக்சிடம் போல்ட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ஏன் சார் குங்குமம்?" என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கிழிந்த ஓட்டையில் போல்ட்டை வைத்துப் பொருத்தமாக இருக்கிறது என்று படம் எடுத்தார். நான் தமிழில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். கீழே, இந்தப் படத்தைப் போட்ட வெங்கடேஸ்வரி என் சொந்த மகள், வேறு எதையும் சேர்க்காதே என்று அவள் என்னிடம் வாயால் சொன்னாள், கேட்காதது நான், என்று எழுதியிருந்தேன். மனுசர் அப்போதுதான் நிமிர்ந்து, "ஏ. வெங்கடேஸ்வரின்னா… ஏ, ஐயாதுரையா?" என்றார்.

ஜெபின் பேரை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டார். அவனுக்குச் சேரவேண்டியதும் அவன் வேலையும் தடையில்லாமல் நிற்கும் என்று குடோன் முதலாளியும் பரிபூரணத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். நான் இனிமேல் உங்கள் கம்பெனி ரேக்கைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊருக்குள்ளும் பேச்சுப் பரவிவிட்டது. மம்சாபுரத்தில் பேசி வைத்திருந்த ஒரு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இந்த பெஞ்சுல எதுவும் முடுக்கிடலையே, நம்பி உக்காரலாமா?" என்று கேட்கிறார்கள். நான் உட்காருங்கள், பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்கிறேன். உன் அம்மா மட்டும் கேலி பண்ணவில்லை. "கும்பிட்டது நானுந்தானே" என்றாள். முப்பது வருசத்தில் ஒரு குற்றத்தில் அவள் பங்கு கேட்டது இதுதான் முதல் தடவை.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன்.

நேற்றுப் பெலிக்ஸ் கிளம்புவதற்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டார். புனேயிலிருந்து நீ அவரோடு பேசினாயாம். ரேக்கோடு அனுப்பின காகிதத்தில், டிரில் போடக்கூடாது என்பது தமிழில் தெளிவாக இல்லை, அது படம் போட்டவளின் குறை, மாட்டினவர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுக்கத் தயார் என்று சொன்னாயாம். அப்படி நீ எழுதினால் என்மேல் உள்ள தடையும் போகும், பேரும் போகாது என்றார். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்களாம். "உங்க மக ரொம்பப் பிரியமா இருக்காங்க" என்றும் சொன்னார். பேசாத ஆள் அன்றைக்குத்தான் பேசினார், அதுவும் என் கண்ணைக் கலங்கவைக்க.

ஈஸ்வரி, அதை எழுதாதே.

அந்தக் காகிதத்தை நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். நாலாவது வரியில் தமிழில், கொட்டை எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் டிரில் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடும் போட்டிருக்கிறாய். நான் மூலையில் இருந்த உன் பேரை மட்டும்தான் நாலு தடவை படித்திருக்கிறேன். குறை உன் படத்தில் இல்லை, படித்தவனிடம். நீ அங்கே ஒரு பொய்யை எழுதிவிட்டால், நாளைக்கு எந்த ஊரில் எந்த ரேக் விழுந்தாலும் உன் கொக்கியைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். அது ஒரு சந்தேகமும் படவேண்டாத கொக்கி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ அழுவாய், நான் சரி என்றுவிடுவேன். அதனால்தான் காகிதம். எனக்கு ஆங்கிள் ரேக் வேலை இல்லாவிட்டால் வேறு வேலை உண்டு. வ. புதுப்பட்டியில் நெல் குடோனுக்குத் தகரக் கதவு மாட்டச் சொல்லி நேற்றே ஒருத்தர் கேட்டார். அந்தக் கதவுக்குப் போல்ட்டு உண்டு, கேட்டுக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன்.

நீ இந்நேரம் அதை எழுதி முடித்து, அனுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம். என் பிள்ளை விஷயத்தில் என் சந்தேகம் தப்பாகத்தான் முடிந்திருக்கிறது. இதுவும் தப்பாகவே போகட்டும். நீ சொன்ன ஒரு சொல்லை நான் கேட்கவில்லை. நான் சொல்கிற இந்த ஒரு சொல்லை நீ கேட்டுவிடு தாயே. உன் பேர் எழுதின இடத்தில் உண்மை மட்டும் இருக்கட்டும். நீ நல்லா இரு.

அப்பா,
ஐயாதுரை.